எஞ்சினை அணைத்து இறங்குகிறவர்

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் சத்தம் திடீரென்று நின்றுபோனால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. சிக்னலில் பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தால்கூடப் போதும், என் கை தானாகப் போய் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் பக்கமாக மலை இறங்கும் சாலையில், முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், என் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பைக் சாவியை டக்கென்று திருப்புவாரே, அந்த நொடியை அவர்கள் எங்கே கண்டார்கள்? எஞ்சின் அடங்கிவிடும். சக்கரம் ஓடுகிற சத்தமும் காதில் மோதும் காற்றும்தான் மிஞ்சும். மாமா தோளைத் தளர்த்திக்கொண்டு, "இனி கீழ போற வரைக்கும் ஓசிதான் கண்ணு" என்பார். கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியிலும் உட்கார இடம் கிடைத்த மனுசன் மாதிரி அவர் குரலில் அப்படி ஒரு திருப்தி. பின்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மாமா ஒரு காபி எஸ்டேட்டில் பம்பு ஓட்டுகிறவர். காலில் எந்நேரமும் முழங்கால் வரை ஏறுகிற ரப்பர் பூட்ஸ். குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பித்து மைலேஜ். மலையில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் "சாப்டாச்சுங்களா" என்பார்கள். மாமா "உங்க வண்டி எவ்வளவு குடுக்குதுங்க" என்பார். எதிராளி என்ன சொன்னாலும் சரி, மாமாவின் வண்டி அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் கொடுக்கும். விடியற்காலைக் குளிரில்தான் பெட்ரோல் போடுவார், வெயில் ஏறிவிட்டால் ஆவியாகிப் போய்விடுமாம். டயரில் காற்று ஒரு பொட்டுக் குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். பிரேக்கைத் தொடுவது அவருக்குப் பாவ காரியம். "முறுக்கறப்போ பெட்ரோலைக் குடுத்து வாங்குன ஓட்டம் கண்ணு இது. பிரேக்கப் புடிச்சா அத்தனையும் ரோட்டுல ஊத்துன மாதிரி" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. தூரத்தில் ஒரு மாடு தெரிந்தாலே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவார். மாட்டுக்கு அருகே போய்ச் சேரும்போது வண்டி மாட்டைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த மட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வண்டியின் எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். மறுநாளே லெக் கார்டு போயிற்று. சேலை சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பின்னால் போட்டிருந்த கம்பிவலை போயிற்று. கண்ணாடி இரண்டும் காற்றைப் பிடிக்கிறதாம், அவையும் போயின. கார்பரேட்டரில் பெட்ரோல் இறங்குகிற துளையைச் சின்னதாக வைத்து வேறு ஜெட் மாட்டினார். முன்பக்கத்துப் பல்சக்கரத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கினார். சமதரையில் விட்டால் வண்டி அழகாக மிதந்து போகும், மெக்கானிக்கே மெச்சினார். ஆனால் ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இழுக்காது, இருமும், நின்றுவிடும். "ஏனுங்க, சமதரையே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு சமதரைக்குன்னு வண்டி செஞ்சு வெச்சிருக்கறீங்களே, உங்களை என்னன்னு சொல்றது" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பட்டுச்சேலையும் கையில் சீர்த்தட்டுமாக அக்கா ஏற்றம் முழுக்க நடந்தாள். மாமா பக்கத்திலேயே வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு, "இந்த ஒரு வளைவுதான், அப்பறம் உக்காந்துக்கலாம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாராம். கல்யாண வீட்டில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் அக்கா, "நான் நடந்து வந்தனுங்க, வண்டியும் எங்கூட நடந்து வந்துச்சுங்க" என்று சொன்னதை அந்தப் பக்கத்துச் சனங்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏற்றத்தில் விட்டதையெல்லாம் இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்பது மாமாவின் கணக்கு. எஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்குவது எங்கள் பக்கம் புதிதல்ல, பாதி வண்டிகள் அப்படித்தான் இறங்கும். சாவியை அணைத்துவிட்டால் ஹாரன் அடிக்காது. அதனால் பின்னால் உட்காருகிறவர்தான் ஹாரன். வளைவு வரும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். அக்கா "வருதுங்கோ, வருதுங்கோ" என்று ராகம் போடுவாள். நான் "ஓரம், ஓரம்" என்று கத்துவேன். எதிரில் விறகுச் சுமையோடு ஏறி வருகிற பெண்கள் குரலை வைத்தே யார் வண்டி என்று சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் வேகம் கூடினால் கியரில் போட்டு வண்டியை அடக்குவார்கள். மாமா அதையும் செய்ய மாட்டார், மேலிருந்து கீழ்வரை நியூட்ரல்தான், ஓசி ஓட்டத்துக்கு மட்டும் பிரேக்கைத் தொடலாமாம். கேட்டால், "கியர்ல போனா எஞ்சின் சுத்தும், சுத்துனா உறிஞ்சும்" என்பார். சாவிதான் அணைந்திருக்கிறதே என்றால், "சாவி அணைஞ்சது நமக்குத் தெரியும், கார்பரேட்டருக்குத் தெரியுமா" என்று மடக்குவார். பஸ்காரர்கள் எல்லாம் கியரில்தானே இறக்குகிறார்கள் என்றால், "பஸ்ஸுக்கு டீசல் கவர்மெண்ட்டு போடுது கண்ணு, எனக்கு யாரு போடறா?" என்பார். அவரோடு பேசி ஜெயித்தவர் இல்லை. ஒருநாள் பிரேக் கருகி நாற்றமெடுத்தபோது, இனி செத்தாலும் இவர் பின்னால் உட்கார்ந்து மலை இறங்க மாட்டேன் என்று அக்கா முன்னால் சபதம் செய்தேன். அக்கா, "கடுகு போற எடம் ஆராயறவருக்குப் பூசணிக்கா போற எடம் தெரியலயேடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இதையெல்லாம் இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது என் நிலைமை சிரிக்கிறபடி இல்லை. என்னைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. விலாவாரியாகச் சொல்ல மனமில்லை, ஒரே ஒரு பையோடு ஒரு மாலை நேரம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றேன் என்பது போதும். அம்மாவும் அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். மாமா பம்பு ஷெட்டிலிருந்து வந்தார், என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "சாப்ட்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே தன் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் போட்டுக்கொண்டார், இருந்த ஒரே அறை எனக்கும் அக்காவுக்கும் ஆயிற்று. ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அந்த மனுசன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. உறவுக்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. வாழாவெட்டியை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது, புருசன்காரன் கூப்பிடுகிறான், பேசி அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஏற்காட்டில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலை பார்த்துக்கொண்டு, ஓர் அரசு வேலைக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது தடவை வயது வரம்பை ஒட்டி நின்றேன், அதற்குப் பிறகு விண்ணப்பம்கூடப் போட முடியாது. இந்தத் தடவையும் கிடைக்கவில்லையென்றால் அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. மாமா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "நீ எழுது சாமி, மத்ததைப் பாத்துக்கலாம்" என்றார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. அடிவாரத்திலிருந்து ஏறி வருகிற பெரிய ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோயிற்று. லாரி ஏறாததால் ஏற்காட்டுப் பங்கில் பெட்ரோல் தீர்ந்து, வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். கரண்ட் போய்ப் போய் வந்தது. என் ஹால் டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் கடையில் எடுக்க வேண்டும். மாமா கொட்டும் மழையில் ஏற்காட்டுக்குப் போவார், கரண்ட் இல்லை என்று திரும்பி வருவார், மறுநாள் மறுபடி போவார். ஒரு சொட்டுக்குக் கணக்குப் பார்க்கிற ஆள், அந்த ஒரு காகிதத்துக்காகத் தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்றேன். "பேசாம உக்காந்து படி" என்று அதட்டினார். பரீட்சைக்கு முதல்நாள் ஒருவழியாகக் காகிதம் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே குப்பனூர் ரோட்டிலும் மரம் விழுந்துவிட்டது, பஸ் வராது என்று சேதி வந்தது. பைக் மட்டும் ஓரமாக நுழைந்து போகலாமாம்.

மறுநாள் விடியும்போது மாமா வண்டியை வாசலில் நிறுத்தி, தொட்டியில் காதை வைத்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே எங்கோ லேசாகச் சலசலத்தது. மூடியைத் திறந்து ஈர்க்குச்சியை விட்டு எடுத்தார், நுனி மட்டும் நனைந்திருந்தது. "கீழ எறங்கி, பங்கு வரைக்கும் சமதரையில போறதுக்கு இது சரியாப் போகும். எறக்கத்துல எஞ்சினைத் தொடக் கூடாது" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். என் சபதம் அவளுக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ரோடு முழுக்க இலைக்குப்பை, வாய்க்கால் மாதிரி தண்ணீர். "ஏனுங்க, நடந்தே எறங்கிட்டா என்னங்க" என்றாள் அக்கா. நடந்தால் நான் சேலம் போய்ச் சேருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும், அது அவளுக்கும் தெரியும். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், கடவுளே வந்தாலும் திறக்க மாட்டார்கள். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஸ்வெட்டருக்குள்ளே வயிற்றோடு வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அக்கா திருநீறு பூசிவிட்டாள்.

முதல் வளைவுக்கு முன்னால் எஞ்சின் அடங்கியது. "ஓசிதான் கண்ணு" என்று மாமா சொல்லவில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது. பனிமூட்டம் இறங்கி முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள் கறுப்பாக வந்து வந்து மறைந்தன. நான் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடியது, சக்கரம் அதில் இறங்கியதும் வண்டி ஒரு பக்கமாக நழுவி, மாமா காலை ஊன்றி நிமிர்த்தினார். அப்புறம் இறக்கம் கூடிற்று. வழக்கமாக வளைவுக்கு வெகுமுன்னாலேயே வேகத்தை ஆறவிடுகிற ஆள், நேரம் போகிறதே என்று கடைசி வரைக்கும் வண்டியை விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தார். மிதிக்க மிதிக்க அந்தப் பழைய கருகல் நாற்றம். ஒவ்வொரு தடவையும் அவர் வலது கால் முந்தின தடவையைவிடக் கீழே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பிரேக்கு புடிக்குதுங்களா?"

மாமா இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தார். "லேசா எறங்கியிருக்குது கண்ணு" என்றார்.

"கியர்ல போடுங்க மாமா!"

"போட்டா இருக்கறதையும் உறிஞ்சிரும். கீழ பங்கு வரைக்கும் வண்டியத் தள்ளோணும். தள்ளுனா நீ நேரத்துக்குப் போக மாட்டே."

"போகாட்டிப் போகுது, போடுங்க!"

"நீ போயே ஆகோணும் சாமி" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கியரில் போட்டால் பெட்ரோல் தீரும் என்பது இந்த மனுசன் மண்டையில் ஏறிய பேய். சாவியை அணைத்து, பெட்ரோல் குழாயையும் மூடிவிட்டால் கியரில் இறக்கினாலும் சொட்டுப் போகாது என்று பின்னாளில் எத்தனையோ பேர் அவருக்குச் சொன்னார்கள். அன்றைக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அத்தனை வருசமாக வண்டிக்குப் பிடித்த மிச்சத்தை அன்று எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார், இதற்கு மேல் நான் அவரை என்னவென்று திட்டுவது?

அடுத்த வளைவில்தான் அந்த இரைச்சல் கேட்டது. மரம் அறுக்கிற மெஷின். மரம் இன்னும் வெகுதூரம் கீழே தள்ளிக் கிடப்பதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வளைவு திரும்பியதும் எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. பள்ளத்துப் பக்கமாக ஒரு பைக் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்று பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு கிளையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "ஓரம்! ஓரம்! ஐயோ, ஓரம்!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா கைப்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு கால்பிரேக்கை மிதித்தார், கால் பூட்ஸோடு அடிவரைக்கும் போய் இடித்தது. வண்டி நிற்கவில்லை. ஒருத்தர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார், அவர் வாய் திறந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த நொடியில் மாமா கியரைப் போட்டார். பின்சக்கரம் வெடுக்கென்று பிடித்தது, ஈர இலையில் சறுக்கியது, வண்டி குறுக்காகத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்துப் போயிற்று. மாமா உடம்பை முழுதாக இடது பக்கம் சாய்த்து, வண்டியை இழுத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். நான் மேட்டின் மேல் போய் விழுந்தேன். வாயெல்லாம் மண். கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. வயிற்றைத் தடவினேன், கவரும் இருந்தது.

மெஷினை அணைத்துவிட்டு ஆட்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். மாமாவின் இடது கால் வண்டிக்கும் மேட்டிலிருந்த பாறைக்கும் நடுவில் இருந்தது. அவர் அதை மெதுவாக உருவிக்கொண்டு, விழுந்த மரத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. "கழட்டுங்க மாமா, பாக்கலாம்" என்று பூட்ஸில் கையை வைத்தேன். "சுளுக்குதான் கண்ணு. கழட்டுனா வீங்கிக்கும், உடு" என்று என் கையைத் தட்டிவிட்டார். மரத்துக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டுகிற ஒருவரின் மொபட் நின்றுகொண்டிருந்தது. மாமா அவரிடம், "தம்பி, இந்தப் புள்ளைக்குப் பரீட்ச. கீழ பஸ் ஏத்தி உட்ருங்க, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார். நான் நகரவில்லை. உங்களை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றேன். அப்போதுதான் மாமா என்னைப் பார்த்து முதல் தடவையாகக் கத்தினார். "போங்கறேன்ல! திரும்பிப் பாத்தீன்னா நானே உன்னைக் கொண்டுபோயி அந்தாளு ஊட்ல உட்டுட்டு வந்துருவேன்!"

அந்த வார்த்தை என் காதில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியது மாதிரி இறங்கியது. வெளியே யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இவர் வாயில் வரலாமா? மொபட்டில் ஏறினேன். வீம்பாகத்தான் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. சேறும் சகதியுமாக நான் போய் இறங்கியபோது காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்தி, மற்றதில் கையை வைத்திருந்தார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஓடும்மா, ஓடு" என்றார். ஈரத் துணியோடு மூன்று மணி நேரம் எழுதினேன். குளிரில் விரல் மரத்தது. கேள்வித்தாளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் கேட்டது. அந்த வீட்டுக்குப் போகமாட்டேன், போகவே மாட்டேன் என்று ஒவ்வொரு விடையாக எழுதினேன். அப்படி நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

வெளியே வந்து போனைத் திறந்ததும் அக்காவின் அழைப்புகள். பெரியாஸ்பத்திரிக்கு வா என்றாள், போனேன். பூட்ஸைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்களாம். உள்ளே கணுக்கால் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. மரம் வெட்டுகிறவர்கள்தான் அவரைத் தூளி கட்டித் தூக்கிவந்து, கீழே வேன் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "நீங்க அந்த வளைவு திரும்பற வரைக்கும் மனுசன் மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க. மொபட்டுச் சத்தம் மறைஞ்சதும்தான் உக்காந்தாரு. அப்பறம் அவரு அலறுன அலறல் இருக்குதே, நொம்பக் கொடுமைங்க, எங்களால கேக்க முடியல." நான் சுவரில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போனபோது மாமா கண்ணைத் திறந்து, "எழுதிட்டியா" என்றார். தலையாட்டினேன். அடுத்து, "வண்டி சாஞ்சு கெடந்துச்சே, தொட்டில இருந்தது ஒழுகிருக்குமே" என்றார். அக்கா அழுதுகொண்டிருந்தவள் அவரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள்.

வேலை கிடைத்தது. சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். உறவுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், அதே பெரியவர்கள் வந்து தங்கள் பிள்ளைகளுக்கு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஆனால் மாமாவின் கால் தேறவில்லை. ஆபரேஷன் ஆயிற்று, கம்பி வைத்தார்கள், கணுக்கால் மடங்காமல் மரக்கட்டையாகவே நின்றுவிட்டது. இடது கால்தானே கியர் போடுகிற கால்? அதன் பிறகு அவரால் எந்தப் பைக்கையும் ஓட்ட முடியவில்லை. கியரைத் தொடாமலே வருசக்கணக்கில் மலை இறங்கிய மனுசருக்குக் கடவுள் இப்படி ஒரு தண்டனை கொடுத்தாரே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கடவுள் மேல்தான் கோபம் வரும். அக்கா என்னிடம் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பைக்கை மாமாவைக் கேட்காமலே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். எஸ்டேட்டில் மாமாவுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன வருசம் நான் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். மாமாவைக் காலுக்கு வைத்தியம் பார்க்கச் சேலத்துக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். முதல் தடவை அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே ரோட்டில் இறங்கினேன். ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "சத்தமே இல்லியே, ஆப் பண்ணிட்டியா?" என்றார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பார் என்று தெரியும், கேட்டார். "மாமா, எறங்கறப்போ பிரேக்கு புடிச்சா இதுல சார்ஜ் ஏறுமுங்க" என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். முன்னால் சார்ஜ் காட்டுகிற எண் ஒன்று கூடியதைக் காட்டினேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. வளைவுக்கு வளைவு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வளைவு வந்ததும், "நிறுத்து கண்ணு" என்றார்.

நிறுத்தினேன். மரம் கிடந்த இடத்தில் அடையாளமே இல்லை, மண்மேட்டில் புதர் மண்டிக் கிடந்தது. மாமா இறங்காமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதெல்லாம் என்ன மைலேஜு. அன்னிக்கு நம்ம வண்டி குடுத்துச்சே, அது மைலேஜு. ஒரு சொட்டு எண்ணெய் செலவில்ல, கவர்மெண்ட்டு வேலையே வாங்கிக் குடுத்துருச்சு" என்றார். அத்தனை வருசம் கழித்து அதைப் பற்றிப் பேச அவருக்குக் கிடைத்த பேச்சு இதுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கால் போச்சேங்க மாமா! அதை யாரு கணக்குல எழுதறது?" என்று கத்திவிட்டேன். நடுரோட்டில் என் குரல் அந்தப் பள்ளம் வரைக்கும் போய்த் திரும்பியது.

மாமா என் முதுகில் லேசாகத் தட்டினார். "அது வண்டிச் செலவுல வராது கண்ணு" என்றார். "அது ஊட்டுச் செலவு. எடு, போலாம், ஆஸ்பத்திரில டோக்கன் முடிஞ்சுரும்."

எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.